பழைய சில்லுக்காக ஒரு மறுகட்டுமானம்

35 டாலருக்கு ஒரு முழுக் கணினி என்ற வாக்குறுதியோடு 2012 பிப்ரவரி 29 அன்று ராஸ்ப்பெர்ரி பை விற்பனைக்கு வந்தது. உள்ளே பிராட்காமின் பிசிஎம்2835 சில்லு. அதில் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்ம்1176 ப்ராசஸர். தசம எண்களைக் கூட்டவும் பெருக்கவும் அந்த ப்ராசஸருக்குள் தனியாக ஒரு கணக்குப் பிரிவே இருந்தது. ஆனால் முதலில் அதற்குக் கிடைத்த இயங்குதளமான டெபியன் 6, அந்தப் பிரிவைப் பெரும்பாலும் சும்மா உட்கார வைத்திருந்தது. ஒரேயொரு தசமப் பெருக்கலுக்குக்கூட முழு எண் ஆணைகள் வரிசையாக ஓடி விடையைக் கட்டி எழுப்ப வேண்டியிருந்தது.

காரணம் டெபியன் தன் நூலகங்களைக் கம்பைல் செய்திருந்த விதம். ஒரு நிரல் நூலகத்தை ஒருமுறை கம்பைல் செய்து லட்சக்கணக்கான இயந்திரங்களுக்கு அனுப்புகிறார்கள். அவற்றிலேயே மிகப் பழைய சில்லுக்கு எந்த ஆணைகள் தெரியுமோ, அவற்றை மட்டுமே அந்த நூலகத்தில் வைக்க முடியும். டெபியனின் அன்றைய ஆர்ம் பதிப்பான ‘ஆர்மெல்’, நான்காம் தலைமுறை ஆர்ம் சில்லுகள் வரை இறங்கி வந்து ஆதரித்தது. தசமக் கணக்குப் பிரிவு இல்லாத சில்லுகளும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

இதற்கு மாற்றாக ‘ஆர்ம்-எச்எஃப்’ என்ற புதிய பதிப்பை டெபியன் அப்போது தயாரித்துக்கொண்டிருந்தது. 2013 மே மாதம் டெபியன் 7 உடன் அது முறைப்படி வெளிவந்தது. அதில் நுழையக் குறைந்தபட்சத் தகுதி ஏழாம் தலைமுறை ஆர்ம். பையின் சில்லோ ஆறாம் தலைமுறை. பழைய பதிப்பில் வேகம் கிடையாது. புதிய பதிப்பில் இடம் கிடையாது.

இங்கே கம்பைலர் இரண்டு உடன்பாடுகளுக்குக் கட்டுப்படுகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது.

முதலாவது ஆணைத்தொகுதி: சில்லுக்கு என்னென்ன ஆணைகள் தெரியும் என்ற பட்டியல். 32 பிட் அகலமுள்ள ஒரு நிலையான எண்ணை, கீழ்ப்பாதி ஒன்று, மேல்பாதி ஒன்று என இரண்டே ஆணைகளில் ரெஜிஸ்டரில் ஏற்றும் வசதி ஏழாம் தலைமுறையில் உண்டு. அதற்காகக் கம்பைல் செய்தால் கம்பைலர் அந்த ஆணைகளைக் கண்ட இடமெல்லாம் தூவும். ஆர்ம்1176-க்கு அவை தெரியாது. அப்படி ஓர் ஆணையை எட்டிய அந்த நொடியே ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துவிடும்.

இரண்டாவது பைனரி இடைமுகம். ஒரு செயல்கூறு இன்னொன்றை அழைக்கும்போது மதிப்புகளை எங்கே வைக்க வேண்டும், விடையை எங்கே எடுக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் இது. இரண்டின் அடுக்கு அரை, அதாவது இரண்டின் வர்க்கமூலம், வேண்டும் என்று கணித நூலகத்தைக் கேட்கிறோம். ஆர்மெல் பின்பற்றிய பழைய இடைமுகத்தில் 2.0 என்ற எண், ஆர்0, ஆர்1 என்ற முழு எண் ரெஜிஸ்டர் ஜோடியில் போகும், 0.5 ஆர்2, ஆர்3 ஜோடியில். ஆர்ம்-எச்எஃப் பின்பற்றும் புதிய இடைமுகத்தில் முதல் எண் டி0 என்ற தசம ரெஜிஸ்டரிலும் அடுத்தது டி1-லும் போகும். அழைப்பவர் பழையபடி வைத்து, அழைக்கப்படுபவர் புதியபடி எடுத்தால்? முன்வாசலில் பொருளை வைத்துவிட்டுப் போனவருக்கும் கொல்லைப்புறத்தில் தேடுபவருக்கும் நடக்கும் கதைதான். டி0-வில் முன்பே என்ன கிடந்ததோ அதை எடுத்துக் கணக்குப் போட்டு, ஒரு விடையைத் தந்துவிடும். எச்சரிக்கை ஏதும் வராது. செத்துப்போகும் நிரலைவிடத் தப்பான விடை தரும் நிரல்தான் ஆபத்தானது என்பேன். அதனால்தான் ஒவ்வொரு பைனரிக் கோப்பும் தான் எந்த இடைமுகம் என்ற குறிப்பைச் சுமக்கிறது. பொருந்தாத இரண்டைச் சேர்க்க லிங்கர் மறுத்துவிடுகிறது. ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா அப்போது பழைய இடைமுகத்தில் மட்டுமே கிடைத்தது. அதை வேண்டியவர்களுக்காகவே வேகம் குறைந்த ஓர் இயங்குதளப் பதிப்பை, பையை உருவாக்கிய ராஸ்ப்பெர்ரி பை அறக்கட்டளை தனியாக வைத்திருந்தது.

இனி மைக் தாம்ப்சன், பீட்டர் கிரீன் என்ற இருவரின் உழைப்புக்கு வருவோம். ஆறாம் தலைமுறை ஆணைகள், ஆனால் புதிய இடைமுகம் என்ற சேர்க்கையில் டெபியன் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்ய முன்வந்தவர்கள் இவர்கள். அறக்கட்டளையின் ஊழியர்கள் அல்லர். பையின் 256 எம்பி நினைவகத்தை நம்பி இந்த வேலையில் இறங்க முடியாது. எனவே ஏழாம் தலைமுறைச் சில்லு கொண்ட ஃப்ரீஸ்கேல் பலகைகளை இணைத்து ஒரு கம்பைல் கூடத்தை அமைத்தார்கள். டி0 முதல் டி7 வரையிலான ரெஜிஸ்டர்கள் இரு தலைமுறைகளிலும் உண்டு என்பதால் இடைமுகம் ஒன்றாகவே இருந்தது. டெபியனின் ஆர்ம்-எச்எஃப் பேக்கேஜ்களையே ஏணியாக வைத்து ஏறி, ஒவ்வொன்றாகப் புதியதை வைத்துப் பழையதைக் கழற்ற முடிந்தது. 2012 ஜூனில் 35,000-க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள் தயார். அதன் பெயர் ராஸ்பியன். அடுத்த மாதமே அறக்கட்டளை அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது.

இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதிலிருந்த ஒரு பொறி. கம்பைல் செய்யும் பலகை ஏழாம் தலைமுறை. ஒரு நூலகத்தின் கட்டமைப்புக் கோப்பு, ‘ஓடுகிற சில்லு எது?’ என்று தானாகப் பார்த்து அதற்கேற்ற ஆணைகளைப் போட்டுவிட்டால், அங்கே எல்லாச் சோதனைகளும் தேறிவிடும். பயனர் வீட்டுப் பையில்தான் அது சாகும். சி நூலகத்திலிருந்து ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒட்டிக்கொள்ளும் தொடக்கத் துண்டுகளும் அப்படித்தான். ஒரு துண்டு ஏழாம் தலைமுறையாகவே தங்கிவிட்டாலும் கறை பரவும். கம்பைல் ஆன பைனரியைத் திறந்து, அது எந்தத் தலைமுறைக்கானது என்று எழுதியிருக்கும் குறிப்பைப் படித்துப் பார்ப்பதே வழி. இந்தப் பொறுமைக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. இடைமுகம் ஒன்றே என்பதால் ராஸ்பியனும் ஆர்ம்-எச்எஃப் என்ற பெயரையே வைத்துக்கொண்டது. டெபியனிலிருந்து ஒரு பேக்கேஜை எடுத்து நிறுவினால் நிறுவும் கருவி மறுக்காது. 2015-ல் வந்த பை 2 ஏழாம் தலைமுறை, அதில் ஓடும். அதே ஆண்டு வந்த பை ஸீரோ மறுபடி ஆறாம் தலைமுறை, அதில் சாகும். உபுண்டு கணினியில் உட்கார்ந்து பைக்கு கிராஸ் கம்பைல் செய்பவர்கள் இன்றும் இதில் சறுக்குகிறார்கள். ஆறாம் தலைமுறை என்று கம்பைலருக்குச் சொன்னாலும், கூடவே வரும் சி நூலகத் துண்டுகள் ஏழாம் தலைமுறையாகவே இருக்கின்றன.

ஒரே நூலகத்துக்குள் பல சில்லுகளுக்கான வடிவங்களை வைத்து, ஓடும்போது தேர்ந்தெடுப்பது ஒரு வழி. ஓபன்பிளாஸ் போன்ற அணிக் கணித நூலகங்களை அப்படிக் கம்பைல் செய்யலாம். கோப்பு பெருக்கும், ஆனால் எங்கும் ஓடும். பொதுவான நூலகங்களுக்கு அது கட்டுப்படியாகாது. யாராவது ஓர் அடிமட்டத்தை முடிவு செய்தே ஆக வேண்டும். ரெட் ஹாட் நிறுவனம் தன் இயங்குதளத்தின் 9ஆம் பதிப்பில் இன்டெல் வகைச் சில்லுகளுக்கான அடிமட்டத்தை இரண்டாம் படிக்கும், 2025-ல் வந்த 10ஆம் பதிப்பில் மூன்றாம் படிக்கும் உயர்த்தியது. வேகம் கூடும் என்பது உண்மை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பல அந்த ஒரு முடிவில் வெளியே தள்ளப்படுகின்றன என்பதும் உண்மை. புதிய இயந்திரம் வாங்க வசதியில்லாதவர்களின் பக்கம் நின்று இதைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆணைத்தொகுதியில் ஒரு மாற்றமும் இல்லாமல் இடைமுகம் மட்டும் மாறினாலும் இதே மறுகட்டுமானம் தேவைப்படும். 2038 ஜனவரி 19-க்குப் பிறகும் 32 பிட் ஆர்ம் கணினிகள் தேதியைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக, 2024-ல் டெபியன் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 பிட்டாக அகலப்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூலகங்கள் பெயர் மாறின. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)