கேஸ் தீரவில்லை, தூசி அடைத்திருக்கிறது



மே மாதம் பிறந்துவிட்டால் வளைகுடாவில் நம்மவர்கள் கூடும் இடங்களில் எல்லாம் ஒரே பேச்சுதான். "எங்கள் வீட்டு ஏ.சி. சரியாகக் குளிரவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தார், கேஸ் தீர்ந்துவிட்டது என்றார், அடித்துக்கொண்டோம்." அடுத்த வருடமும் அதே மே மாதம், அதே வீடு, அதே பேச்சு. தினாரோ, திர்ஹமோ, ரியாலோ, வருடாவருடம் இப்படிப் போய்க்கொண்டிருக்கிறது. எங்கள் வீட்டிலும் இரண்டு கோடை இப்படித்தான் போயிற்று. மூன்றாவது கோடையில் வந்த ஒரு வயதான மெக்கானிக் சிலிண்டரை இறக்காமல் ஒரு பிரஷ்ஷையும் தண்ணீர்க் குழாயையும் மட்டும் கேட்டு வாங்கினார். ஒரு மணி நேரத்தில் அறை குளிர்ந்தது. அவரிடம் கற்றதையும், அதன் பிறகு தேடித் தெரிந்துகொண்டதையும் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யில் உள்ள கேஸ், காருக்குப் போடும் பெட்ரோல் போன்றது அல்ல. ஓட ஓட அது தீர்ந்துபோவதில்லை. அடைத்து மூடிய செப்புக் குழாய்களுக்குள் அதே கேஸ் பல வருடங்கள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் கேஸ் அடிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

அப்படியானால் நம் ஊர் ஏ.சி.க்கள் கோடையில் ஏன் திணறுகின்றன? இதைப் புரிந்துகொள்ள ஏ.சி. செய்யும் வேலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. அறைக்குள் இருக்கும் காயில் வெப்பத்தை வாங்குகிறது, வெளியே இருக்கும் காயில் அதை வெளிக்காற்றுக்குக் கொடுக்கிறது. கேஸ் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஓடும் சுமைகூலி. கம்ப்ரஸர் அதை ஓட வைக்கிறது.

வெப்பம் தானாகப் போவதென்றால் சூடான இடத்திலிருந்து சூடு குறைந்த இடத்துக்குத்தான் போகும். வெளிக்காற்று 48 டிகிரி இருக்கும்போது அதற்குள் வெப்பத்தைத் தள்ள வேண்டுமானால், வெளியே உள்ள காயில் அதைவிடச் சூடாக, ஏறக்குறைய 60 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க இறைப்பவருக்கு மூச்சு வாங்கும், ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தண்ணீரும் குறையும். அதுபோலத்தான் இங்கும். வெயில் ஏற ஏற ஏ.சி. தரும் குளிர்ச்சி குறைகிறது, அது குடிக்கும் மின்சாரம் கூடுகிறது.

நாம் வாழும் இடம் சாதாரண இடமும் அல்ல. குவைத்தின் மித்ரிபாவில் 2016 ஜூலை 21 அன்று 53.9 டிகிரி வெப்பம் பதிவானது. உலக வானிலை அமைப்பு ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட அளவு அது. இதனால்தான் ஏ.சி. வாங்கும்போது அதன் தகட்டில் 'டி3' என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். 'டி1' வகையின் திறனை வெளிவெப்பம் 35 டிகிரியாக வைத்துச் சோதிக்கிறார்கள். 'டி3' வகையை 46 டிகிரியில் சோதிக்கிறார்கள். மிதமான ஊர்களுக்கென்று செய்த யூனிட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி இங்கே மாட்டினால், ஜூலை மாதம் அது கையை விரித்துவிடும்.

இவ்வளவு கடினமான வேலையைச் செய்யும் காயில் மீது தூசியும் படிந்தால் என்ன ஆகும்? ஷமால் காற்று வீசும் நாட்களில் பால்கனியில் காயப்போட்ட துணியின் நிறம் என்னவாகிறது என்று உங்களுக்கே தெரியும். அதே தூசியைத்தான் வெளியே உள்ள யூனிட் நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்கிறது. காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை போலப் படிந்துவிடுகிறது. கடற்கரை நகரங்களில் இரவு ஈரமும் உப்பும் சேர்ந்து அதைச் சேறாக்கி இறுக்கிவிடுகின்றன. காற்று போக வழியில்லாமல் வெப்பம் வெளியேறுவதில்லை. குழாய்க்குள் அழுத்தம் ஏறி, கம்ப்ரஸர் சுட்டு, பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடுகிறது. இந்த நிலையில் வந்து, குளிர்ச்சி குறைவு என்பதை மட்டும் பார்த்து ஒருவர் மேலும் கேஸ் அடித்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கேஸுக்குப் பணம் கொடுத்து, கம்ப்ரஸரின் ஆயுளையும் நாமே குறைத்துக்கொள்கிறோம்.

ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே சிலவற்றைக் கவனியுங்கள்.

இரவில் நன்றாகக் குளிர்கிறது, நண்பகலில் மட்டும் திணறுகிறது என்றால், பெரும்பாலும் வெளியே உள்ள காயில் தூசி அடைத்திருக்கிறது. அல்லது யூனிட்டை இடுக்கில் மாட்டியிருப்பதால், தான் விடும் சூடான காற்றையே திரும்ப இழுக்கிறது. இரவும் பகலும் காற்று மெல்லமாக வருகிறது, காயில் மீது பனிக்கட்டி படிகிறது என்றால், முதலில் உள்ளே இருக்கும் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டர் அடைத்தாலும் பனி படியும், கேஸ் குறைந்தாலும் பனி படியும். ஃபில்டரைச் சுத்தம் செய்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பனியைக் கரைத்து, மறுபடி போட்டுப் பார்த்த பிறகே கேஸைப் பற்றிப் பேச வேண்டும். உறுமல் சத்தம் மட்டும் வந்து கம்ப்ரஸரோ ஃபேனோ கிளம்பவில்லை என்றால் கெப்பாஸிட்டர் போயிருக்கலாம். இந்த வெயிலில் அடிக்கடி பழுதாகும் சிறிய பாகம் அது. விலையும் அதிகமில்லை.

ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யை இருபது நிமிடம் ஓடவிட்டு, அது உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே ஊதும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் ஏறக்குறைய 8 முதல் 12 டிகிரி இருந்தால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேலும் அறை குளிரவில்லை என்றால் குறை வீட்டில் இருக்கிறது. மேற்குப் பார்த்த ஜன்னலுக்குத் திரை உண்டா, கதவின் கீழ் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அணைக்க மறந்திருந்தால், அது குளிர்ந்த காற்றை வெளியே தள்ளி, வெளியே இருக்கும் அனல்காற்றையும் தூசியையும் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டே இருக்கும்.

இனி, வீட்டில் நாம் செய்யக்கூடிய பராமரிப்பு.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். மணல்காற்று அடித்த மறுநாள் கணக்குப் பார்க்காமல் கழுவுங்கள். குழாய்த் தண்ணீர் போதும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். ஃபில்டர் இல்லாமல் "ஒரு நாள்தானே" என்று ஓட்டினால் அந்தத் தூசி நேராக உள் காயிலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதை எடுப்பது பெரிய வேலை. விண்டோ ஏ.சி. வைத்திருப்பவர்கள் மணல்காற்று நாளில் வெளிக்காற்றுத் திறப்பை மூடிவிடுங்கள்.

வெளியே உள்ள யூனிட்டைக் கோடைக்கு முன் ஒருமுறை, கோடைக்கு நடுவில் ஒருமுறையாவது சுத்தம் செய்ய வேண்டும். முதலில் மெயின் பிரேக்கரை அணையுங்கள். ரிமோட்டில் அணைத்தால் போதாது. பிறகு மெல்லிய பிரஷ்ஷால் தகடுகள் நிற்கும் திசையிலேயே, மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டி எடுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் அடித்தால் தூசி சேறாகி இன்னும் உள்ளே போகும். உலர்ந்த தூசி போன பிறகு குறைந்த வேகத்தில் தண்ணீர் விடுங்கள். கார் கழுவும் பிரஷர் மெஷினைக் கொண்டு அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைந்துவிடும். யூனிட் மாடியிலோ, தரையில் நின்று எட்டும் இடத்திலோ இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். உயரத்தில் ஜன்னலுக்கு வெளியே தொங்கும் யூனிட்டுக்காக உடம்பை வெளியே நீட்டாதீர்கள். நாத்தூரிடம் சொல்லி, பெல்ட் கட்டி வேலை செய்யத் தெரிந்தவர்களை அழையுங்கள்.

தண்ணீர் வடியும் குழாயையும் மறக்க வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பரில் ஈரக்காற்று வரும்போது துபாய், தோஹா போன்ற கரையோர நகரங்களில் ஏ.சி.யிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் வடியும். குழாயில் பாசியும் தூசியும் சேர்ந்து அடைத்தால் அது சுவர் வழியாக இறங்கி மெத்தையை நனைக்கும். மாதம் ஒருமுறை குழாயின் வெளிமுனையில் தண்ணீர் தடையில்லாமல் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

ஏ.சி.யின் பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா என்பதையும் அவ்வப்போது பாருங்கள். சுட்டால் உடனே அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒயரில் ஏ.சி.யை ஒருபோதும் ஓட்டாதீர்கள், தீவிபத்துக்கு அது வழி. யூனிட்டின் மூடியைத் திறந்து கெப்பாஸிட்டரை நீங்களே மாற்றவும் முயலாதீர்கள். மின்சாரத்தை அணைத்த பிறகும் அதில் மின்னூட்டம் தேங்கி நிற்கும், கை வைத்தால் தூக்கி அடிக்கும்.

சரி, உண்மையாகவே கேஸ் குறைந்திருந்தால்? வரும் மெக்கானிக்கிடம் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். "அண்ணே, ஓட்டை எங்கே என்று பார்த்தீர்களா? அடைத்த பிறகு வேக்கம் போடுவீர்களா? தகட்டில் எழுதிய எடைப்படி தராசில் வைத்துத்தான் அடிப்பீர்களா?" ஸ்ப்ளிட் ஏ.சி.யில் குழாய் சேரும் நட்டுகளில்தான் கசிவு அதிகம். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32 என்று கேஸில் பல வகை உண்டு. தகட்டில் எது எழுதியிருக்கிறதோ அதுதான் போக வேண்டும். இருக்கிற சிலிண்டரில் இருப்பதை அடிப்பது ஆபத்து. ஆர்-32 ஓரளவு தீப்பிடிக்கக் கூடியது என்பதையும் நினைவில் வையுங்கள். வேலை தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், மகிழ்வார்.

கடைசியாக இரண்டு வார்த்தை. இங்கே ஏ.சி. ஆடம்பரம் அல்ல, உயிர்க் காவல். விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பா, கைக்குழந்தை, சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் ஜூலை மதியம் ஏ.சி. நின்றால், மெக்கானிக் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி அனலைத்தான் வீசும். அவர்களைப் பக்கத்து வீட்டுக்கோ ஏதாவது ஒரு மாலுக்கோ உடனே அழைத்துப் போங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது வரும் வரை ஈரத்துணியால் உடம்பைக் குளிர வையுங்கள்.

இன்னொன்று, மொட்டைமாடியில் அந்த வெயிலில் நிற்பவரும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரையும், குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 முதல் மாலை 4 மணி வரையும் திறந்த வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. வீட்டில் ஆபத்தில் யாரும் இல்லையென்றால் அவரை விடியற்காலையிலோ பொழுது சாய்ந்தோ வரச் சொல்லுங்கள். வந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். அதைவிட நல்லது, சர்வீஸை மார்ச் மாதத்திலேயே முடித்துவிடுவது. அப்போது அவருக்கும் வெயில் இல்லை, உங்களுக்கும் அவசரம் இல்லை.

இந்த வெள்ளிக்கிழமை விடுமுறையில் ஃபில்டரை மட்டுமாவது கழற்றிப் பாருங்கள் நேயர்களே. அதில் படிந்திருக்கும் தூசியே மீதியைச் சொல்லிவிடும்.