தாய்க்கோழியும் குஞ்சுகளும் கூட்டத்தில் சேரும் காலம்

அடையில் உட்கார்ந்த கோழி 21 நாளும் கூட்டத்தை விட்டு ஒதுங்கியே இருக்கிறது. நாளுக்கு ஒருமுறை எழுந்து இரை பொறுக்கி, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டுவிட்டு மறுபடி முட்டைமேல் போய் உட்கார்ந்துவிடும். குஞ்சு பொரித்து வெளியே வரும்போது அதன் பழைய இடம் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. கூடவே வரும் குஞ்சுகளையோ மற்ற கோழிகள் பார்த்ததே இல்லை.

கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டின் தோர்லீஃப் ஷெல்டரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். மேலிடத்துக் கோழி வந்தால் கீழிடத்துக் கோழி தீனியை விட்டு விலகிக்கொள்ளும். அதனால் தினமும் சண்டை போட வேண்டியதில்லை. புதுக்கோழி நுழைந்தாலோ, பல நாள் பிரிந்திருந்த கோழி திரும்பினாலோ வரிசை கலைந்து மறுபடி கொத்து விழும். குஞ்சுக்கு இந்த வரிசை எதுவும் தெரியாது. எந்தக் கோழியின் காலடியிலும் ஓடிப் புகும். தலையில் விழும் ஒரே கொத்து அதன் உயிரை வாங்கிவிடலாம்.

இந்த இடத்தில்தான் தாயின் குணம் உதவிக்கு வருகிறது. அடைகாக்கவும் குஞ்சு காக்கவும் தூண்டும் புரோலாக்டின் என்ற சுரப்பு அதன் போக்கையே மாற்றியிருக்கும். நேற்றுவரை எல்லாருக்கும் ஒதுங்கி நின்ற பெட்டை, குஞ்சுகளோடு வந்ததும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு பெரிய கோழியையும் துரத்தும். ஆக, குஞ்சுகளைக் கூட்டத்துக்குப் பழக்குவது தாயின் வேலை. வளர்ப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியது நேரம், இடம், தீனி மூன்றும்தான்.

பொரித்த குஞ்சு முதல் இரண்டு நாள் வயிற்றில் மிஞ்சிய மஞ்சள் கருவைக்கொண்டே தாக்குப்பிடிக்கும். அதற்குள் பிந்திப் பொரிப்பவையும் வந்து சேரட்டும் என்று தாய் கூட்டிலேயே இருக்கும். அதை அவசரப்படுத்தக் கூடாது. பிறகு ஒரு வாரம், பத்து நாள் மூங்கில் கூடையான பஞ்சாரத்துக்குள் இருப்பது நல்லது. பருந்துக்கும் காக்கைக்கும் பூனைக்கும் பயந்துதான் பஞ்சாரம் போட்டு மூடுவதாகப் பொதுவாக நினைக்கிறார்கள். அதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது: மற்ற கோழிகள் மேயும் முற்றத்திலேயே அதைக் கவிழ்த்து வைத்தால், மூங்கில் இடைவெளி வழியாகக் குஞ்சுகளைப் பார்த்தும் அவற்றின் சத்தம் கேட்டும் கூட்டம் பழகிக்கொள்ளும், கொத்தத்தான் முடியாது. கம்பிவலைத் தடுப்பும் இதே வேலையைச் செய்யும். குஞ்சுகளையும் தாயையும் வீட்டுக்குப் பின்னால் தனி அறையில் பல வாரம் மறைத்துவைப்பதுதான் தவறு, தாயும் அந்நியமாகிவிடும்.

திறந்துவிட ஏற்றது, குஞ்சுகள் தாயின் அழைப்புக்கு ஓடிவரத் தொடங்கிய பிறகு, மற்ற கோழிகள் வயிறு நிறைய மேய்ந்த மாலை நேரம். அடைத்த கூண்டுக்குள் விடாமல் ஓடி ஒதுங்க இடமுள்ள வெட்டவெளியில் விட வேண்டும். தாய் ஒன்றிரண்டு முறை பாய்ந்து விரட்டுவது இயல்பு. குறுக்கே போகத் தேவையில்லை. ஒரு கோழி விடாமல் குஞ்சுகளையே குறிவைத்துத் துரத்தினால் அந்தக் கோழியைத்தான் இரண்டு நாள் பஞ்சாரத்தில் அடைக்க வேண்டும், தாயை அல்ல. சேவலால் பெரும்பாலும் தொல்லை வராது. குஞ்சுகளோடு இன்னொரு தாய் இருந்தால் மட்டும் கவனம் தேவை. ஒன்றின் குஞ்சை மற்றது கொத்தும்.

தீனியில் ஒரு சிக்கல் உண்டு. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்குச் சுமார் 1 சதவீதமே போதும். மிகுதி அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனமே போட்டு, கிளிஞ்சல் தூளைத் தனியாக வைத்துவிட்டால் முட்டையிடும் கோழிகள் வேண்டியதைக் கொத்திக்கொள்ளும். பஞ்சாரத்தைச் செங்கல்மேல் சற்றுத் தூக்கிவைத்து உள்ளே நொய்யோ கரையானோ போட்டால் குஞ்சுகள் மட்டும் நுழைந்து தின்னும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல், கூழாங்கல் போட்டதாக இருக்கட்டும். பெரிய கோழிகளிடமிருந்து நோயும் தொற்றும் என்பதால், வெள்ளைக்கழிச்சலுக்கு முதல் வாரக் கடைசியில் கொடுக்கும் சொட்டு மருந்தைத் திறந்துவிடுவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். தரை ஈரமாக இருந்தால் ரத்தக்கழிச்சலும் வரலாம்.

இரவில் குஞ்சுகளால் உயரத்தில் ஏறி அடைய முடியாது. அவை பறக்கப் பழகும்வரை தாய் தரையிலேயே படுக்கும். அதற்குக் கூட்டின் மூலையில் காய்ந்த வைக்கோல் போட்ட இடம் வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில், நாட்டுக்கோழிகளில் சில சமயம் இன்னும் பிந்தி, தாயே குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும். வெளுத்திருந்த கொண்டை சிவந்து, அது மறுபடி முட்டைக்குத் தயாராகிறது என்று பொருள். காவல் போன குஞ்சுகள் வரிசையின் அடிமட்டத்தில் தாமாகவே நிற்க வேண்டிய காலம் இதுதான். ஒரே தட்டில் தீனி போட்டால் அவற்றுக்குக் கிடைக்காது. மூன்று நான்கு இடங்களில் பிரித்துப் போட வேண்டும். சாய்த்துவைத்த பலகை, குத்துச்செடி போன்ற மறைவிடங்களும் தேவை. சில மாதம் அவை ஒரே கும்பலாகத் திரியும். விடலைச் சேவல்கள் முந்திக்கொண்டு சண்டையில் இறங்கும். பெட்டைகள் முட்டையிடும் பருவம் நெருங்கும்போதுதான் வரிசையில் தமக்கென ஓர் இடம் பிடிக்கும்.