கத்தி ஒன்று, கட்டளை இரண்டு

கோலா சாவா, ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளிடம் பேசிப் பாருங்கள். வேலை நுணுக்கத்தை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். பால் அதிகம் இருப்பது பட்டையின் உட்பக்கத்தில். மேலாகச் சீவினால் மங்கு நிறையாது. ஆழமாகச் சீவினால் பால் கூடும், ஆனால் கத்தி கொஞ்சம் உள்ளே போய்விட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு ஒழுங்காகச் சீவ முடியாது. நல்ல வெட்டுக்கும் காயத்துக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான்.

நிர்வாகத்தின் இரண்டு கட்டளைகள் மோதிக்கொண்டதும் அந்த ஒரு மில்லிமீட்டரில்தான். எடை போடும் இடத்தில் கிராணி கேட்பார்: “பால் ஏன் குறைச்சல்?” நிரையில் மண்டோர் கேட்பார்: “மரத்துல ஏன் காயம்?” இரண்டுமே நியாயமான கேள்வி. ஆனால் வெயில் ஏறுவதற்குள் நூற்றுக்கணக்கான மரங்களை முடிக்க வேண்டியவர், விடியாத இருட்டில், எதை விட்டுக்கொடுப்பது என்று தானே முடிவு செய்ய வேண்டியிருந்தது. எது நடந்தாலும் ஏச்சு அவருக்குத்தான்.

அதற்கும் முந்திய காலத்துக் கங்காணியின் நிலை இன்னும் சிக்கல். தன் ஊர்க்காரர்களைத் தானே அழைத்து வந்தவர்; அவர்களுக்குப் பாதுகாவலர் என்று பெயர். ஆனால் அன்றாடம் எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனைக்கும் அவருக்குத் தலைக்காசு. காய்ச்சலில் படுத்தவரை லயத்திலேயே விட்டால் தன் காசு குறையும். பல கங்காணிகள் கொடுமைக்காரர்களாக நினைவில் நிற்பதற்கு அவர்களுடைய குணம் மட்டுமா காரணம்? அந்தச் சம்பள ஏற்பாட்டையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

இன்று பேரப்பிள்ளைகள் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கத்திக்குப் பதில் கணினி. “வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசு” என்பார் ஒரு மேலாளர். “ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம்தான்” என்பார் இன்னொருவர். இதில் வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது ஒருவர் வேறு!

அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் ஸ்டீவன் கெர் 1975இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசு கொடுப்பது மடமை என்பது அவர் வாதம். வாய் சொல்வதை ஊழியர் கேட்பார்; ஆனால் சம்பளம் சொல்வதைத்தான் செய்வார். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நேர்மை என்பது கொள்கை ஏட்டில் இருந்தது, புதுக்கணக்கு இலக்கோ தலைக்கு மேல் தொங்கியது. வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குகள் திறக்கப்பட்டது 2016இல் அம்பலமானபோது, வங்கிக்கு 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம். சில ஆண்டுகளில் வேலையிழந்த ஊழியர்கள் சுமார் 5,300 பேர்.

தலைவர்கள் என்ன செய்யலாம்? ஓர் ஊழியருக்கு யார் யாரிடமிருந்து என்னென்ன உத்தரவு போகிறது என்று ஒரே தாளில் எழுதிப் பார்க்கலாம். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். இரண்டு உத்தரவு மோதினால் எது முதலில், எது பொறுக்கும் என்பதை மேலே இருப்பவரே சொல்ல வேண்டும். கீழே தள்ளிவிட்டு, ‘சமாளிச்சுக்கோ’ என்பது தலைமை ஆகாது. “இது ரெண்டும் ஒத்துவரலீங்க” என்று சொல்பவரை எதிர்த்துப் பேசுகிறவர் என்று முத்திரை குத்தாமலும் இருக்க வேண்டும். இது கொஞ்சம் கஷ்டம்தான், நம் ஊரில் குறிப்பாக.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. பழுத்த குலையிலிருந்து சிதறும் உதிரிப்பழத்தில் எண்ணெய் அதிகம், அதனால் ஒன்றுவிடாமல் பொறுக்கச் சொல்வார்கள். கூலியோ குலையின் எடைக்கு. குனிந்து பொறுக்கும் நேரத்தில் இன்னும் நாலு குலை வெட்டலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். பல தோட்டங்கள் இதற்கு அறிவுரைக் கூட்டம் போட்டுக்கொண்டிருக்கவில்லை. உதிரிப்பழத்துக்குத் தனிக்கூலி வைத்தார்கள்.