முன்னறிவித்தல் இன்றி

எமது மேசை இழுப்பறையில் ஒரு கடிதம் கிடக்கின்றது. நாம் விரிவுரையாற்றிய பல்கலைக்கழகத்தின் பதிவாளர் கையொப்பமிட்டது. அறிவித்தல் எதுவும் இன்றிக் கடமைக்குச் சமுகமளிக்கத் தவறியமையால், தாங்கள் தங்கள் பதவியை வெறிதாக்கிச் சென்றவராகக் கருதப்படுகின்றீர்கள் என்பதே அதன் சாரம். ஊர் விலாசத்துக்கு அனுப்பப்பட்டு, அயலவர் ஒருவர் கையில் தங்கி, எட்டு மாதங்களின் பின் கடல் கடந்து எம்மை வந்தடைந்தது. பதவியை வெறிதாக்குதல் என்பது கந்தோர்த் தமிழ்தான். ஆயினும் காலியாகக் கிடக்கும் ஒரு கதிரையைக் கண்முன் நிறுத்தும் சொல் அது.

நியமனக் கடிதத்தில் நாம் ஒப்பமிட்ட நிபந்தனை தெளிவானது: விலகுவதாயின் மூன்று மாத முன்னறிவித்தல், அல்லது மூன்று மாதச் சம்பளம். இதனை நியாயமற்ற நிபந்தனை என்று நாம் அன்றும் கருதவில்லை, இன்றும் கருதவில்லை. பாடத்தை வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும். நூலகப் புத்தகங்கள், திறப்புகள், பாதியில் நிற்கும் ஆய்வு மாணவர்கள் என்று ஒப்படைக்க வேண்டியவை பல. சொல்லிவிட்டுப் போவது பண்பு. நாமோ 2007ஆம் ஆண்டில், ஒரு புதன்கிழமை, சொல்லாமற் போனோம்.

பத்திரிகைக்கும் எழுதிக்கொண்டிருந்த காலம். இரவிற் தொலைபேசி அழைப்புகள் வந்தன. அழைத்தவர் யார் என்று இங்கே ஆராய்வதிற் பயனில்லை. மூன்று மாத முன்னறிவித்தல் கொடுப்பதென்றால், இன்னும் மூன்று மாதங்களுக்கு அதே வீதியால், அதே நேரத்தில், அதே சைக்கிளிற் போய் வருவோம் என்று எல்லோருக்கும் அறிவிப்பதாகிவிடும். எனவே சொல்லவில்லை.

அக்கடிதத்தை அண்மையில் மீண்டும் எடுத்துப் பார்க்க நேர்ந்தமைக்கு ஒரு பர்மியப் பெண்மணி காரணம். நாம் தஞ்சம் புகுந்துள்ள நாட்டின் மொழியைக் கற்பிக்கும் மாலை வகுப்பொன்றில் எமக்கு அருகில் அமர்பவர். யங்கூனிற் பல்கலைக்கழக ஆசிரியையாக இருந்தவர். முன்பு என்ன தொழில் செய்தீர்கள், ஏன் விட்டீர்கள் என்று அந்நாட்டு மொழியில் ஒருவரையொருவர் கேட்கும் பயிற்சி அன்று. இறந்தகால வினை பழகுவதற்காம்! அவர் திக்கித் திக்கி விடை சொன்னபோதுதான் அவரிடமும் இத்தகைய ஒரு கடிதம் உண்டென அறிந்தோம். எமது கடிதம் ஒருவருக்கு வந்தது. அவருடையது ஒரு பட்டியலில் வந்தது.

2021 பெப்ரவரி 1ஆம் திகதி அதிகாலை மியன்மார் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. முந்திய நவம்பரிற் தெரிவான பாராளுமன்றம் கூடவிருந்த நாள் அது. மறுநாள் இரவு யங்கூன் வீட்டு மாடிகளில் சட்டி பானைகள் முழங்கின. பெப்ரவரி 3ஆம் திகதி நாடெங்கும் 30 நகரங்களில், 70 வரையான வைத்தியசாலைகளிலும் மருத்துவப் பிரிவுகளிலும் ஊழியர் வேலையை நிறுத்தினர். ஆசிரியர், புகையிரத ஊழியர், வங்கி எழுதுநர், சுங்கப் பகுதியினர் என்று அது பரவிற்று. புகையிரதங்கள் ஓடவில்லை. வங்கிக் கிளைகள் வாரக்கணக்கில் மூடிக்கிடக்க, பணம் எடுக்கும் இயந்திரங்களின் முன் விடியற்காலையிலேயே வரிசைகள் நீண்டன. பாரவண்டிச் சாரதிகளும் வராதமையால் யங்கூன் துறைமுகத்திற் கொள்கலன்கள் தேங்கின. குடிமக்கள் ஒத்துழையாமை இயக்கம் என்று அதற்குப் பெயர்.

இது பணிப்பகிஷ்கரிப்பா, பதவி விலகலா? அப்பெண்மணியிடம் நாம் இதைக் கேட்டோம். தாம் வேலையை விடவில்லை, அந்த முதலாளியிடம் வேலை செய்ய மறுத்தார்களாம். முன்னறிவித்தல் கொடுப்பதென்றாலும் யாரிடம் கொடுப்பது? நியமனம் வழங்கிய அரசின் தலைவர்கள் காவலில் இருந்தனர். அவர்களுடைய கதிரையில் இருந்தவரிடம் கடிதத்தை நீட்டுவது, அவரை முதலாளி என்று ஏற்பதாகும்.

தர்க்கம் சரிதான். ஆனால் முன்னறிவித்தல் என்பது முதலாளிக்கு மட்டும் உரியதன்று என்பதை ஆசிரியத் தொழில் செய்தவர்கள் அறிவோம். வைத்தியசாலை வாயிலில் நின்ற நோயாளிக்கு யார் சொன்னார்கள்? சத்திரசிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தவருக்கு இராணுவமும் சொல்லவில்லை, வைத்தியரும் சொல்லவில்லை. இக்கேள்வியை அவ்வைத்தியர்களே தம்முள் கேட்டுக்கொண்டனர். பலர் தரும வைத்திய நிலையங்களிலும் தனியார் இடங்களிலும் கட்டணமின்றி நோயாளரைப் பார்த்தனர். அவ்வாண்டு யூன், யூலை மாதங்களிற் கொரோனாத் தொற்று மீண்டும் மூண்டு, ஒட்சிசன் உருளைகளுடன் யங்கூன் மக்கள் வரிசையில் நின்றபோது, தலைமறைவாக இருந்த வைத்தியர்கள் தொலைபேசி வழியே சிகிச்சை கூறினர். நோயாளி இருப்பதாகப் பொய்யாக அழைத்து, வந்த வைத்தியர்களைப் படையினர் கைது செய்ததாகவும் அந்த யூலையிற் செய்தி வெளியாயிற்று. வேலைக்கு வரவில்லை என்று தேடப்பட்டவர்கள், வேலைக்கு வந்த இடத்திற் பிடிபட்டார்கள்.

யங்கூனுக்கு இது முதற் தடவையன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன், அந்நகர் ரங்கூன் என்று வழங்கிய காலத்தில், அதனை ஓர் இரவிற் கைவிட்டுச் சென்றவர்களுட் தமிழர் பலர். 1931ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ரங்கூனின் சனத்தொகை ஏறத்தாழ நான்கு இலட்சம். அதில் இரண்டு இலட்சத்துப் பதின்மூவாயிரம் பேர் வரை இந்தியர். மொகல் வீதியிற் செட்டியார்களின் கணக்குப் புத்தகங்கள் இருந்தன. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் தெலுங்கர். ஆலைகளிலும் புகையிரதப் பகுதியிலும் நகரசுத்தித் தொழிலிலும் தமிழரும் தெலுங்கரும் கலந்து நின்றனர். மேஸ்திரியிடம் முற்பணம் பெற்றுக் கப்பலேறி வந்தவர்கள் இவர்களுட் பலர்.

1941 டிசம்பர் 23ஆம் திகதி யப்பானிய விமானங்கள் முதற் தடவையாக ரங்கூன் மீது குண்டு வீசின. பதுங்குவதற்குப் பதிலாகத் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் பெருந்தொகையில் மாண்டனர். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் என்று ஒரு கணக்கு. நத்தார் தினத்தன்று விமானங்கள் மீண்டும் வந்தன. அதற்குள் புரோம் நகரை நோக்கிய வீதி, தலையில் மூட்டையும் இடுப்பிற் குழந்தையுமாக நடப்பவர்களால் நிரம்பிவிட்டது. எவரும் எந்தத் துரையிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. துறைமுகத்தில், சீனாவுக்கென வந்த அமெரிக்கத் தளபாடங்கள் இறக்க ஆளின்றிக் கிடந்தன. தெருவில் குப்பை கிடந்தது, பிணமும் கிடந்தது. அதுவரை அந்த நகரம் யாருடைய தோளில் நின்றது என்பதை அதன் ஆட்சியாளர்கள் அந்த வாரத்திற்தான் கண்டார்கள்.

ஓடிப் போனார்கள் என்பதுதான் அன்றைய ஆளும் வட்டாரத்தின் பேச்சு. ஒரு பகுதியினரைச் சமாதானம் கூறித் திருப்பி அழைத்தும் வந்தனர். ஆனால் 1942 பெப்ரவரி பிற்பகுதியில் அரசே தன் அலுவலகங்களைக் காலி செய்தது. மார்ச் 7ஆம் திகதி பிரித்தானியப் படையினர் எண்ணெய்க் குதங்களைக் கொளுத்திவிட்டு வெளியேற, மறுநாள் யப்பானியர் நுழைந்தனர். திரும்பி வந்து வேலை செய்தவர்களுக்கு அந்த அரசு எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுத்தது? கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் வசதி படைத்தவர்கள். ஏனையோர் தவுங்குப் கணவாய் வழியாக அரக்கானுக்கும், தமூ வழியாக மணிப்பூருக்கும், அதற்கும் வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கும் நடந்தார்கள். நடந்தவர் நான்கு இலட்சத்துக்குக் குறையாது என்பர். வழியில் வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் விழுந்தவர்களுக்குத் திட்டமான கணக்கு இல்லை. பல்லாயிரம் என்பது மட்டும் உறுதி.

சொல்லாமற் போவது வெறும் பண்புக் குறைவாக மட்டும் கொள்ளப்பட்டதில்லை என்பதையும் வாசகர்கள் நினைவிற் கொள்வது நல்லது. பிரித்தானிய இந்தியாவில் 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், முற்பணம் பெற்றபின் வேலையை விட்ட தொழிலாளியை நீதவான் முன் நிறுத்தி மூன்று மாதம் வரை சிறையிட வழி செய்தது. 1925ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டமே அதனை நீக்கிற்று. இலங்கையில் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளியை அவ்வாறே கட்டிப்போட்டது. முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டவன் குற்றவாளி. முறையாகச் சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், கடன் தீர்ந்தாலன்றித் துரையின் துண்டு கிடையாது. துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் சேர்க்காது. கங்காணியிடம் பட்ட கடனோ தீரும் வகையானதன்று. இத்துண்டு முறை 1921ஆம் ஆண்டிற்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நாம் இதனை வகுப்பிற் பாடமாக நடத்தியிருக்கின்றோம். எமக்கும் ஒரு துண்டு இல்லாத நிலை வரும் என்று அப்போது எண்ணவில்லை. இந்நாட்டில் நாம் விண்ணப்பித்த முதல் உத்தியோகத்துக்கு முன்னைய பணியிடத்தின் விடுவிப்புக் கடிதம் கேட்டார்கள்!

மறுபக்கத்தையும் பார்ப்போம். 1964 மார்ச் மாதத்தில், ஜெனரல் நே வின் ஆட்சி ரங்கூன் கடைகளைத் தேசியமயமாக்கிற்று. காலையிற் கடை திறக்க வந்தவர் வாயிலில் காவலைக் கண்டார். அவ்வாண்டு மே 17ஆம் திகதி 50, 100 கியாற் நாணயத் தாள்கள் செல்லாதவையாயின. தலைமுறைகளாக அங்கு வாழ்ந்த தமிழர்கள் கையில் அற்பப் பொருளுடன் கப்பலேறிச் சென்னையில் இறங்கினர். அவர்களுட் சிலர் நடைபாதையில் இட்ட கடைகளே பின்னர் பர்மா பசார் ஆயின. தொழிலாளி சொல்லாமற் போனால் அதற்குப் பிரிவு இலக்கத்தோடு சட்டம் இருக்கின்றது. அரசு சொல்லாமற் பறித்தால் அதற்கும் சட்டமே இருக்கின்றது.

2021இலும் அவ்வாறே சட்டம் வந்தது. பெப்ரவரி 14ஆம் திகதி தண்டனைச் சட்டக்கோவை திருத்தப்பட்டு, 505ஏ என்னும் புதிய பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறை என்றாயிற்று. வைத்தியர்கள் பலருக்கு இத்தகைய பிரிவுகளின் கீழேயே பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. மார்ச் 10ஆம் திகதி யங்கூனின் மால்வாகோன் புகையிரத ஊழியர் குடியிருப்பைப் படையினர் சூழ்ந்தனர். அரச வீடு ஆகையால், வேலையில்லையேல் வீடும் இல்லை. சட்டி பானை, பாய், பிள்ளைகளின் புத்தகப் பை என்று குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. மே மாதத்திற் கல்லூரிகள் திறந்தபோது பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பல்கலைக்கழக ஆசிரியர்களும் ஊழியர்களும் இடைநிறுத்தப்பட்டிருந்தனர். பாடசாலை ஆசிரியர்களில், நாட்டின் நான்கு இலட்சத்து முப்பதினாயிரம் பேருள் ஒரு இலட்சத்து இருபத்தையாயிரத்துக்கு மேற்பட்டோர் இடைநிறுத்தப்பட்டதாக ஆசிரியர் சம்மேளனத்தவர் கூறினர். எம்மருகே அமரும் பெண்மணி அந்தப் பதினோராயிரத்துள் ஒருவர். பணிக்குத் திரும்பிய சக ஆசிரியர்கள் பற்றி அவரிடம் கேட்டபோது, வயோதிபத் தாயும் சம்பளமும் இருந்தவர்கள் திரும்பினார்கள் என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை.

அவருடைய தம்பியின் கதை இன்னும் சுருக்கமானது. யங்கூனில் ஒரு தனியார் அலுவலகத்திற் கணக்கெழுதியவர். அங்கு தொழில் ஒப்பந்தங்களில் வழமையாகக் காணப்படும் விதி, ஒரு மாத முன்னறிவித்தல். 2024 பெப்ரவரி 10ஆம் திகதி கட்டாய இராணுவ சேவைச் சட்டம் நடைமுறைக்கு வருவதாக அறிவிக்கப்பட்டது. ஆண்களுக்கு 18 முதல் 35 வயது வரை. கடவுச்சீட்டு அலுவலகங்களின் முன் இளைஞர்கள் இரவிரவாக வரிசையில் நின்றனர். மே மாதத்தில் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் அனுமதியும் இடைநிறுத்தப்பட்டது. தம்பி ஒரு மாலை கணக்கை முடித்து, கூட்டுத்தொகையைச் சரிபார்த்து, அலுவலகத் திறப்பை முதலாளியின் மேசைமீது வைத்துவிட்டுத் தாய்லாந்து எல்லைக்குப் பேருந்து ஏறினார். முதலாளி அந்த மாதச் சம்பளத்தை முழுமையாகத் தாயாரிடம் கொடுத்தனுப்பினாராம். தம் மகனையும் அனுப்பிவிட்டிருந்தவர் அவர்.

எமது மூன்று மாதச் சம்பளத்தைப் பல்கலைக்கழகம் சேமலாப நிதியிற் கழித்துக்கொண்டது. அதைப்பற்றி எமக்கு மனக்குறை இல்லை. ஒப்பந்தப்படி அது அவர்களுக்குரியது. எம்மை உறுத்துவது வேறு. அன்று எமது அலுமாரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களின் நாற்பத்தாறு விடைத்தாள்கள் திருத்தப்படாமல் இருந்தன. கடந்த ஆண்டு, அவர்களுள் ஒருவர் எப்படியோ எமது இலக்கத்தைத் தேடிப்பிடித்து அழைத்தார். இப்போது அவரே ஒரு பாடசாலை ஆசிரியர். நலம் விசாரித்தபின், சிறிது தயங்கிச் சொன்னார்:

"அண்டைக்கு நாங்கள் பதினொரு மணி மட்டும் இருந்தனாங்கள் சேர். வருவியள் எண்டுதான் நினைச்சனாங்கள்."

விடைத்தாள்கள் என்னவாயின என்று கேட்டோம். வேறொரு விரிவுரையாளர் எல்லோருக்கும் ஒரே புள்ளியை இட்டு முடித்துவிட்டாராம். ஐம்பத்திரண்டு.