திதி இல்லாத தாத்தா

திருவண்ணாமலையில் கிரிவலம் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். 14 கிலோமீட்டர் பாதை. அஷ்ட லிங்கங்களையும் காவி வேட்டிகளையும் பார்த்துக்கொண்டு நடக்கும்போது, ஏதாவது ஒரு சுவரில் 'காணவில்லை' என்று ஒரு காகிதம் கண்ணில் படும். பெரும்பாலும் வயதானவர் படமாகத்தான் இருக்கும். நம் பக்கத்தில் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டால், போலீஸில் எழுதிக் கொடுத்த கையோடு உறவினர்கள் பஸ் ஏறுவது திருப்பதிக்கும் திருவண்ணாமலைக்கும்தானே!

சென்ற பௌர்ணமிக்கு நான் பார்த்தது கண்ணாடி போட்ட ஒரு தாத்தாவின் படம். சட்டையின் நிறம், செருப்பின் நிறம் எல்லாம் எழுதியிருந்தார்கள். எதிரே பூ விற்றுக்கொண்டிருந்த அம்மாளை விசாரித்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேர் இப்படி வந்து ஒட்டிவிட்டுப் போகிறார்களாம். அந்தச் சுவருக்கு முன்னால் நின்றபோது எனக்குக் கோட்டா ராமசாமியின் ஞாபகம் வந்தது.

யார் அவர் என்று கேட்கும் சகோதரிகள், வீட்டில் கிரிக்கெட் பைத்தியம் பிடித்த பெரியவர் யாராவது இருந்தால் அவரைக் கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வார்!

ராமசாமி 1896-ஆம் வருஷம் ஜூன் 16-ந் தேதி சென்னையில் பிறந்தார். தகப்பனார் புச்சிபாபு நாயுடு, தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை என்று பெயர் பெற்றவர். வெள்ளைக்காரர் கிளப்பில் நம்மவர்களுக்கு மரத்தடியே கதி என்றிருந்த காலத்தில், மதராஸ் யுனைடெட் கிளப்பை ஏற்படுத்தியவர். 1908-ல் அவர் காலமானபோது பையனுக்கு வயது 12. தாய்வழிப் பாட்டனாருக்குச் சுவீகாரம் போனதால்தான் 'கோட்டா' என்ற குடும்பப் பெயர். அண்ணன்மார்கள் ஆடினார்கள், பின்னால் பேரன் தலைமுறையும் ஆடியது. சில வீடுகளில் சங்கீதம் வருவதுபோல் அந்த வீட்டில் கிரிக்கெட் வந்தது.

ஆனால் ராமசாமிக்கு ஒரு மட்டை போதவில்லை. கேம்பிரிட்ஜுக்குப் படிக்கப் போனவர் அங்கே டென்னிஸில் கொடி நாட்டினார். 1922-ல் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவுக்காக ஆடினார். பிரிஸ்டலில் ருமேனியாவை நம்மவர்கள் தோற்கடித்த வருஷம் அது. கிரிக்கெட் டெஸ்ட், டேவிஸ் கோப்பை இரண்டிலும் இந்தியாவின் சார்பில் ஆடியவர் அவர் ஒருவர்தான். ஊர் திரும்பியதும் விவசாய இலாகாவில் உத்தியோகம். குடும்பம், ஆபீஸ், மாலையானால் மைதானம்.

1936-ல்தான் வேடிக்கை. இங்கிலாந்துக்குப் போகும் இந்தியக் கோஷ்டியில் அவருக்கு இடம் கிடைத்தது. வயது 40! நம் வீட்டு ஆண்பிள்ளைகள் 40 வயதில் மாடிப்படி ஏறிவிட்டு நாற்காலியைத் தேடுவார்கள். இவரோ கொஞ்சம் கனத்த சரீரத்துடன், இடது கை ஆட்டக்காரராக, மான்செஸ்டர் மைதானத்தில் முதல் டெஸ்டுக்கு இறங்கினார். முதல் இன்னிங்ஸில் 40, இரண்டாவதில் 60. அடுத்து ஓவல் மைதானத்தில் 29. பிறகு ஆட்டமிழக்காமல் 41. இரண்டு டெஸ்டில் மொத்தம் 170 ஓட்டம், சராசரி 56.66. பெரிய பெரிய சூரர்களுக்கும் வாய்க்காத சராசரி இது. அப்புறம் உலக யுத்தம் வந்துவிட்டது. இந்தியா மறுபடி டெஸ்ட் ஆடிய 1946-ல் அவருக்கு வயது 50.

அதற்காக மைதானத்தை விட்டுவிட்டாரா என்ன? 1952-53-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராகப் போனார். ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியிலும் இருந்தார். 1966-ல் சுயசரிதை எழுதினார். அதன் தலைப்பிலேயே தம்மை ஆட்டப் பைத்தியம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார்!

இப்படி ஓட்டம் ஓட்டமாக, தேதி தேதியாகக் கணக்கு எழுதி வைக்கப்பட்ட வாழ்க்கை. 1985 அக்டோபர் 15-ந் தேதி காலை, 89 வயதில், அடையாற்று வீட்டிலிருந்து வெளியே போனார். திரும்பி வரவில்லை. தேடினார்கள், அகப்படவில்லை. இன்று வரை தகவல் இல்லை. அவரவர் ஊகத்துக்கு ஒன்று சொன்னார்கள். அதையெல்லாம் இங்கே எழுத எனக்கு மனம் இல்லை.

அவர் பிறந்த அதே 1896-ல், ஆகஸ்ட் கடைசியில், மதுரையிலிருந்து 16 வயதுப் பையன் ஒருவன் சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினான். பந்தாட்டம், குஸ்தி, நீச்சல் என்று திரிந்த பிள்ளை. தன்னைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். பிற்காலத்து ரமண மகரிஷிதான் அந்த வேங்கடராமன். தாய் அழகம்மாள் 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து மகனைக் கண்டார். அழுதார், வீட்டுக்கு அழைத்தார், மகன் வரவில்லை. போகட்டும், கண்ணாலாவது பார்த்தாரே! 1916-ல் மகனிடமே வந்து தங்கி, 1922-ல் மகன் பக்கத்திலிருக்கக் கண்மூடினார். ராமசாமியின் வீட்டாருக்கு அந்தப் பவழக்குன்று கிடைக்கவில்லை.

ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம் என்கிறது சட்டம். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் அப்படிச் சொன்னது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. பாங்கிக்கும் பத்திரத்துக்கும் அது போதும். ஆனால் காணாமற்போனவரின் வீட்டில் அந்த ஏழு வருஷம் எப்படிப் போகும்? பொங்கலுக்கு அவருக்கும் வேட்டி எடுப்பதா? ராத்திரி வாசற்கதவைத் தாழ் போடுவதா? அவர் மனைவி நெற்றியில் இட்டுக்கொள்ளும்போது கை நடுங்காதா? ராமசாமியின் விஷயத்தில் சட்டக் கணக்கு 1992 அக்டோபரில் முடிகிறது. கிரிக்கெட் ஏடுகளோ 1990 ஜனவரி என்று போட்டு, 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று முடித்துக்கொண்டன.

எந்தத் திதியில் எள்ளும் தண்ணீரும் இறைப்பது? நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை என்று பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். 1985-ல் அந்த அமாவாசை அப்போதுதான் கழிந்திருந்தது. ஊரில் நவராத்திரிக் கொலு வைத்துக்கொண்டிருந்த வேளையில்தான் அவர் வாசற்படி இறங்கினார்.

கிரிவலம் முடிந்து அதே வழியாக பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பினேன். விடியற்காலைக் காற்றில் அந்தக் காகிதத்தின் ஒரு மூலை பெயர்ந்து படபடத்தது. பூக்கார அம்மாள் எழுந்து வந்து, நீர் தெளிக்கும் ஈரக் கையால் அதை அழுத்தி ஒட்டிவிட்டு, மறுபடி தன் கூடையருகே போய் உட்கார்ந்தாள்.