நாற்காலி போச்சு! பிரம்பும் போச்சு! தரைக்கு இறங்கி வந்த மாநகராட்சி டீச்சர்

சென்னை:

பிள்ளைக்குப் பாடம் புரியவில்லை. குற்றவாளி யார்?

காலம் காலமாகத் தீர்ப்பு ஒன்றுதான். பிள்ளைதான் குற்றவாளி! தண்டனை பிரம்படி. அதில் தப்பினால் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பைத் திருத்தி எழுதப் புறப்பட்டார்கள் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்கள். 'பிள்ளைக்குப் புரியலேன்னா சொல்லிக் கொடுத்த விதத்தில்தான் கோளாறு' என்பது இவர்கள் கொள்கை.

2003-ம் ஆண்டு கமிஷனராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். ஆந்திராவில் உள்ள ரிஷிவேலியின் அட்டைப் பாடமுறையை ஒட்டி 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது.

டீச்சர் எங்கே?

வகுப்புக்குள் எட்டிப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். டீச்சர் நாற்காலியில் இல்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகப் பாயில் உட்கார்ந்திருந்தார்! சுவரின் அடியில், பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். வருகைப் பதிவு போடுவதும் பிள்ளைகளே!

விட்ட இடத்தில் தொடங்கு

அம்மை போட்டு 10 நாள் படுத்த பிள்ளை திரும்பி வரும். அதற்குள் வகுப்பு எங்கேயோ போயிருக்கும். ஒன்றும் புரியாமல் விழிக்கும். 'மக்கு' என்று பெயர் வாங்கும். ஒருநாள் பள்ளிக்கே முழுக்குப் போட்டுவிடும்.

புதிய முறையில் பாடம் முழுவதும் சின்னச் சின்ன அட்டைகள். சுவரில் ஏணிப் படம். விட்டுப்போன அட்டையை ஏணியில் பார்த்து எடுத்து, பிள்ளை அங்கிருந்தே தொடரலாம். அவசரமில்லை, அவமானமும் இல்லை.

எதிர்ப்பு இல்லாமலா? "புத்தகமும் இல்லே, வீட்டுப் பாடமும் இல்லே, என்னதான் படிக்குது?" என்று பெற்றோர் முணுமுணுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு அட்டையில் இருக்க, அத்தனை பேரையும் கவனிப்பதற்குள் டீச்சருக்கும் மூச்சு முட்டியது.

ஆனாலும் 2007-08-ல் இந்த முறை தமிழகம் முழுவதும் பரவியது.

சட்டமும் வந்தது

2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், 17-வது பிரிவில் அடிப்பதைத் தடை செய்தது. மனம் நோகத் துன்புறுத்துவதும் கூடாது என்றது. 2010 ஏப்ரல் 1 முதல் இது அமலில் உள்ளது.

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இதில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. இங்கும் பிள்ளை நிற்கும் இடத்துக்குத்தான் டீச்சர் போக வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் வேலை உண்டு. இன்று வீட்டுக்குப் போனதும் "எத்தனை மார்க்?" என்று அதட்டாதீர்கள். "எந்த இடம் புரியலே?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை வாய் திறக்கும்!