மரப்பாலும் கையுறையும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் தமிழர் வெட்டியெடுத்த பால், தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் கச்சா ரப்பராகவே கப்பலேறியது. அதைப் பண்டமாக்கினால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு, அதே மாநிலத்தின் தித்தியில் ரப்பர் வியாபாரக் குடும்பத்தில் பிறந்த லிம் வீ சாய் சான்று. 1991இல் அவர் தொடங்கிய டாப் குளோவ், ஒரே தொழிற்சாலையும் மூன்று உற்பத்தி வரிசைகளுமாகப் புறப்பட்டது. எய்ட்ஸ் அச்சத்தால் மருத்துவக் கையுறைக்கு உலகெங்கும் தேவை பெருகியிருந்த காலம் அது. 2001இல் கோலாலம்பூர் பங்குச் சந்தையில் நுழைந்த நிறுவனம், பின்னர் உலகிலேயே மிகப் பெரிய கையுறை உற்பத்தியாளர் ஆனது.

மலிவான கூலியால் வந்த வளர்ச்சிதானே இது என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் 2020 ஜூலையில் அமெரிக்கா டாப் குளோவின் துணை நிறுவனங்களின் கையுறைகளைத் தடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஆள்சேர்ப்புக் கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தந்த பின், 2021 செப்டம்பரில்தான் தடை முழுதாக நீங்கியது. ஆனால் மலிவான கூலி தோட்டங்களிலும் காலங்காலமாக இருந்ததே! அங்கே கையுறைத் தொழில் முளைக்கவில்லை. நிறுவனத்தை உயர்த்தியவை இயந்திரம், தரக்கட்டுப்பாடு, வெளிநாட்டுச் சந்தை ஆகியவையே. தொழிலாளியைச் சுரண்டாமலும் அந்த உயரத்தை எட்டியிருக்க முடியும்.